அச்சுப்பொறிக்கு ஆணையிடுவது யார்?

கணிப்பொறியின் விசையைத் தட்டியதும் அச்சுப்பொறி கிர்ரென்று அடிக்கத் தொடங்குகிறதே, இடையில் நின்று அதை வேலை வாங்குவது யார் தெரியுமா? 'டிரைவர்' என்னும் சிறிய புரோகிராம்.

1981-இல் வெளிவந்த ஐ.பி.எம். பி.சி. வகைக் கணிப்பொறியை எடுத்துக்கொள்வோம். அதில் அச்சுப்பொறியை இணைக்கும் அட்டைக்குப் பெரும்பாலும் 888, 889, 890 என மூன்று வாயில்கள் உண்டு. 889-ஐப் படித்தால் அச்சுப்பொறி ஓய்வாக இருக்கிறதா, தாள் தீர்ந்துவிட்டதா என்று தெரியும். ஓய்வாக இருந்தால் எழுத்துக்குரிய எண்ணை (ஆங்கில 'ஏ'க்கு 65) 888-இல் வைத்து, 890 வழியாக 'எடுத்துக்கொள்' என்று ஒரு மின்துடிப்புக் கொடுக்க வேண்டும்.

இவ்வளவுதானே, 'சி' மொழியில் எழுதிவிடலாமே என்பீர்கள். எழுதலாம். 1973-இலேயே பெல் ஆய்வுக்கூடத்தில் யூனிக்ஸின் உட்கருவை சி மொழியில் திருப்பி எழுதினார்கள். ஆனால் பி.சி.யின் 'டாஸ்' அமைப்பில் ஒரு சிக்கல்.

சாதாரண சி புரோகிராமின் முன்னால் கம்பைலர் நமக்குத் தெரியாமலே ஒரு தொடக்கப் பகுதியைச் சேர்க்கிறது. இடைக்காலக் கணக்குகளை வைக்கும் 'ஸ்டாக்' என்ற நினைவிடத்தை ஏற்பாடு செய்வது அதுதான். டிரைவரிலோ அந்த இடத்தில் வேறொன்று இருந்தாக வேண்டும். 1983-இல் வந்த டாஸ் 2.0 வகுத்த முறைப்படி, கோப்பின் முதல் 18 பைட்டுகள் ஒரு தலைப்பு: அடுத்த டிரைவரின் முகவரிக்கு 4, தன்மையைக் குறிக்க 2, இரண்டு நுழைவிடங்களுக்கு இரண்டிரண்டு, பெயருக்கு 8. ஆகவே கம்பைலரின் தொடக்கப் பகுதியைக் கழற்றிவிட்டு, அசெம்பிளி மொழியில் சில வரிகளாவது எழுதித்தான் தீர வேண்டும். அவை தலைப்பைத் தரும், ரெஜிஸ்டர்களைப் பத்திரப்படுத்தும், டாஸின் சிறிய ஸ்டாக்கை விட்டு நம்முடையதற்கு மாறும், பிறகு சி பகுதியைக் கூப்பிடும். காத்திருப்பது, தாளைச் சோதிப்பது போன்ற தொல்லை பிடித்த வேலைகளெல்லாம் சி மொழியில் எழுதப்படுவதால், இந்தப் பாடு பட்டாலும் தகும்.

இனிதான் பெரிய பொறி இருக்கிறது. பிழை தேடும்போது சி படித்தவர் கை தானாக 'பிரின்ட்எஃப்' என்று எழுதும். டிரைவருக்குள் அதை எழுதினால் கணிப்பொறி உறைந்துபோகலாம்! ஏன்? பிரின்ட்எஃப், டாஸிடம்தான் உதவி கேட்கும். டாஸோ தன் வேலையைப் பாதியில் நிறுத்திவிட்டு நம் டிரைவரைக் கூப்பிட்டிருக்கிறது. நீங்கள் கரும்பலகையில் பாதிக் கணக்குப் போட்டிருக்கும்போது, வேறொருவர் அதன் மேலேயே புதுக் கணக்கு எழுதினால் எப்படி இருக்கும்? டாஸின் குறிப்புகளுக்கும் அதே கதிதான்.

அதற்கும் வழி உண்டு. டாஸைத் தொடாமல் திரை நினைவகத்திலேயே எழுதிவிடலாம். வண்ணத் திரை இணைத்த பி.சி.யில், எழுத்துகளை மட்டும் காட்டும் நிலையில், 753664 என்ற முகவரியில் 65-ஐ வைத்தால் இடது மேல் மூலையில் 'ஏ' தோன்றும்.

டிரைவர் கணிப்பொறி கிளம்பும்போதே ஏற்றப்படுவதால், அதில் பிழை இருந்தால் கணிப்பொறி கிளம்பவே கிளம்பாது. அந்நாளில் கைவசம் வேறொரு ஃபிளாப்பி வைத்திருந்தார்கள். நீங்கள் ஃப்ரீடாஸ் என்ற இலவச அமைப்பை, இன்றைய கணிப்பொறிக்குள் ஒரு கற்பனைக் கணிப்பொறியை உருவாக்கி அதில் ஓட்டிப் பாருங்கள். அங்கே எத்தனை முறை உறைந்தாலும் உங்கள் கணிப்பொறி பத்திரமாக இருக்கும்.