செத்ததல்ல, தூங்குகிறது: உங்கள் இதயத்தசையைப் பற்றி இது தெரியுமா?

காலையில் பம்மல் டீக்கடையில் நின்றால் இந்தப் பேச்சு காதில் விழும்: "அவருக்கு பம்பிங் முப்பதுதானாம்." இதயத்தின் இடது கீழறை தன்னுள் நிறைந்த ரத்தத்தில் எத்தனை சதவீதத்தை ஒரு துடிப்பில் வெளியே தள்ளுகிறது என்பதுதான் எக்கோ சொல்லும் அந்த எண். நல்ல இதயத்தில் 55க்கு மேல் இருக்கும். முப்பது என்றதும் வீடே இடிந்துபோகிறது. ஆனால், அசையாத தசையெல்லாம் செத்த தசை அல்ல, தெரியுமா?

திருநீர்மலைப் பக்கம் கோடையில் ஏரி வற்றினால் தவளை எங்கே போகிறது? ஈரமண்ணுக்குள் புதைந்து அசையாமல் கிடக்கிறது. முதல் மழைக்கே ஊரைக் கூட்டுகிறது! இதயத்தசையும் அப்படித்தான். குழாய் அடைத்து ரத்த வரத்து குறைந்தால், உழைப்பை நிறுத்திவிட்டு உயிரை மட்டும் பிடித்துக்கொள்கிறது. மாதக்கணக்கில்கூட! இந்த உறக்கத்தை 1980களில் உலக மருத்துவர்களுக்குப் புரியவைத்தவர் யார் தெரியுமா? 1931இல் பம்பாயில் பிறந்த ஷாபுதீன் ரஹீம்தூலா! பைபாஸ் முடிந்தபின், கைவிடப்பட்ட இதயச்சுவர்கள் மறுபடி அசைவதை அவர் கவனித்தார். அந்த பைபாஸ் இந்தியாவில் முதலில் வெற்றிகரமாக நடந்ததும் நம் சென்னையில்தான்: 1975, பெரம்பூர் ரயில்வே மருத்துவமனை, டாக்டர் கே.எம்.செரியன்.

சரி, தூங்குவதையும் செத்ததையும் எப்படிப் பிரிப்பது? சர்க்கரையைக் காட்டிப் பார்க்கிறார்கள்! வெறும் வயிற்றில் இருக்கும்போது ஆரோக்கியமான இதயம் பெரும்பாலும் கொழுப்பை எரித்துத்தான் ஓடுகிறது. பட்டினி கிடக்கும் தசையோ சர்க்கரையைப் பிடித்துக்கொள்கிறது. ஆகவே கதிரியக்க ஃபுளோரின் ஏற்றிய குளுக்கோஸை ஊசியில் போட்டு, பெட் ஸ்கேனில் பார்க்கிறார்கள். ரத்தம் குறைவாக வரும் இடத்தில் சர்க்கரை மட்டும் பளிச்சென்று ஒளிர்ந்தால், அங்கே உயிர் இருக்கிறது! ரத்த வரத்து, சர்க்கரை இரண்டுமே இருட்டென்றால் அது தழும்பு. இந்த மருந்தின் கதிரியக்கம் 110 நிமிடத்தில் பாதியாகிவிடும். சைக்ளோட்ரான் என்ற துகள் முடுக்கியின் உதவியால் செய்து, ஈயப்பெட்டியில் ஏற்றி விரைகிறார்கள். சிக்னலில் வண்டி நின்றாலும் கடிகாரம் நிற்பதில்லை.

தாலியம் ஸ்கேன் இன்னும் பழையது. தாலியத்தைப் பொட்டாசியம் என்று எண்ணி உயிருள்ள செல் உள்ளே இழுத்துக்கொள்கிறது; செத்த செல்லுக்கு அந்தத் திராணி இல்லை. மெதுவாக விழிக்கும் தசைக்காக மறுநாள்கூடப் படம் எடுப்பார்கள்.

எம்ஆர்ஐயில் எல்லாமே தலைகீழ், தெரியுமா? அங்கே ஊசியில் போடும் கடோலினியம் தழும்பில் தங்கிவிடுகிறது. ஒளிர்வது உயிரல்ல, செத்த பகுதி! அந்த வெள்ளை, சுவரின் தடிமனில் பாதியைத் தாண்டியிருந்தால், குழாயைத் திறந்தாலும் அந்த இடம் மீள்வது அரிது. டோபுடமின் எக்கோவிலோ மருந்தால் தசையைத் தட்டி எழுப்பிப் பார்க்கிறார்கள். உறங்கும் தசை சிறிய அளவு மருந்துக்குத் துடித்தெழும், அளவைக் கூட்டினால் களைத்துவிடும்.

வியப்போடு உண்மையையும் சொல்லவேண்டும். பிரிட்டனில் உயிருள்ள தசை இருப்பதாக உறுதியான 700 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்து, 2022இல் முடிவு வந்தது. ஸ்டென்ட்டும் மருந்தும் பெற்றவர்களுக்கும் மருந்து மட்டும் பெற்றவர்களுக்கும் மரணத்திலோ, இதயச் செயலிழப்புக்காக மருத்துவமனையில் சேர்வதிலோ வித்தியாசம் தெரியவில்லை. ஸ்கேன் ஒளிர்ந்தது என்பதற்காக மட்டும் ஸ்டென்ட் வைக்க ஓட வேண்டியதில்லை. மாத்திரையை ஒருநாளும் விடவும் கூடாது.

வீட்டில் யாருக்காவது பம்பிங் குறைவு என்று சொன்னால் கலங்கி உட்காராதீர்கள். இதய மருத்துவரிடம் கேளுங்கள்: "அந்தத் தசையில் உயிர் இருக்கிறதா, பார்த்தீர்களா?" ஸ்கேனுக்கு முன்பே சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு, உடலில் பேஸ்மேக்கர் எது இருந்தாலும் சொல்லிவிடுங்கள். நெஞ்சு வலித்தால் வாயுப்பிடிப்பு என்று படுத்துவிடாமல் 108ஐ அழையுங்கள்.