உங்களுக்குத் தெரியுமா? - ‘ரியூஜோ’ விமானந்தாங்கிக் கப்பல்

● 10,000 டன்னுக்குக் குறைவான விமானந்தாங்கிக் கப்பல்களை, கடற்படைகளுக்கு உச்சவரம்பு விதித்த 1922-ம் ஆண்டின் வாஷிங்டன் ஒப்பந்தம் கணக்கில் சேர்க்கவில்லை. இந்த ஓட்டையைப் பயன்படுத்திக்கொள்ள ஜப்பான் கட்டத் தொடங்கியதுதான் ரியூஜோ. வேலை முடிவதற்குள் 1930-ல் லண்டன் ஒப்பந்தம் ஓட்டையை அடைத்துவிட்டது!

● கூடுதல் விமானங்களுக்காக இன்னொரு தளத்தை மேலே ஏற்றியதில் கப்பலுக்குத் தலைக்கனம். 1933-ல் கடற்படையில் சேர்ந்த கப்பலை அடுத்த ஆண்டே திருத்த வேண்டியதாயிற்று.

● இரண்டாம் உலகப் போர், 1942 ஏப்ரல் 6. விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு போட்டவை ரியூஜோவின் விமானங்கள். இரண்டுமே அன்றைய சென்னை மாகாணத்து ஊர்கள். தாக்குதல் அச்சத்தில் அந்த ஏப்ரலில் சென்னை நகரமே காலியானது நம் தாத்தா பாட்டிகள் சொன்ன கதை அல்லவா?

● இரண்டே மாதத்தில் ரியூஜோ அலாஸ்கா பக்கம் போய்விட்டது. ஜூன் 4 அன்று அங்குள்ள அமெரிக்கத் தளமான டச்சு ஹார்பரைத் தாக்கிய அதன் ‘ஜீரோ’ போர்விமானம் ஒன்றில் எண்ணெய்க் குழாய் அறுந்தது. விமானி தடயோஷி கோகாவுக்கு வயது 19. அக்குட்டான் தீவில் புல்தரை என்று நம்பி இறங்கினார். அது சதுப்பு நிலம். சக்கரங்கள் புதைய, விமானம் தலைகுப்புறக் கவிழ்ந்தது. கோகா கழுத்து முறிந்து இறந்தார். எதிரி கையில் சிக்காமல் விமானத்தைச் சுட்டு எரிப்பதே உடன் பறந்தவர்களின் கடமை. உள்ளே நண்பன் உயிரோடு இருக்கலாமே! சுட மனம் வராமல் திரும்பிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

● ஒரு மாதம் கழித்து, அதிகம் சேதமாகாத அந்த விமானம் அமெரிக்க ரோந்து விமானத்தின் கண்ணில் பட்டது.

● ஆகஸ்ட் 24. பசிபிக் தீவான குவாடல்கனாலைத் தாக்க ரியூஜோ தன் விமானங்களை அனுப்பியிருந்த நேரம், அமெரிக்காவின் ‘சரடோகா’ கப்பலின் விமானங்கள் வந்து தாக்கின. டார்ப்பிடோ தாக்கி எஞ்சின் அறைக்குள் வெள்ளம் புகுந்தது. அன்று மாலையே கப்பல் மூழ்கியது. சுமார் 120 பேர் பலி. திரும்பிவந்த விமானங்களுக்கு இறங்கத் தளமில்லை.

● அடுத்த மாதம், அமெரிக்கர்கள் மீட்டுப் பழுது பார்த்த கோகாவின் ஜீரோ அமெரிக்காவின் சான் டியேகோவில் பறந்தது. ரகசியங்கள் வெளிப்பட்டன: வேகம் கூடினால் இறக்கைக் கட்டுப்பாடு இறுகிவிடும்; வலப்பக்கம் உருளத் திணறும்; மூக்கைச் சட்டென்று கீழே அழுத்தினால் எஞ்சின் நின்றுவிடும். ஜீரோ துரத்தினால் வேகமாகக் கீழே பாய்ந்து வலப்பக்கம் திரும்பு என்று அமெரிக்க விமானிகளுக்குப் பாடம் சொல்லப்பட்டது.