விமானியின் உறக்கம்



பசித்தவன் தன் பசியை அறிவான். தாகமுற்றவன் தன் தாகத்தை அறிவான். களைத்தவனோ தன் களைப்பின் அளவைச் சரிவர அறியான். அதனை அளந்து சொல்லவேண்டிய மூளையே முதலிற் களைத்துவிடுகின்றது. விமானிகளின் ஓய்வை அவரவர் விருப்பத்துக்கு விட்டுவிடாது சட்டம் வரையறுப்பதற்குக் காரணம் இதுவே.

நம் உடலினுள்ளே ஒரு கடிகாரம் உண்டு. இரவு 2 மணி முதல் காலை 6 மணி வரை அது உறக்கத்தையே நாடும். அவ்வேளையிற் பணிபுரிபவனின் கண்கள் திறந்திருப்பினும் அவதானம் குன்றியிருக்கும். 17 மணித்தியாலம் தொடர்ந்து விழித்திருப்பவனின் செயற்றிறன், இரத்தத்தில் 0.05 சதவீதம் மதுசாரம் உள்ளவனுடையதைப் போலத் தாழ்ந்துவிடும் என்று 1997இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. மது அருந்தியவனை மூச்சுச் சோதனை காட்டிக்கொடுக்கும். விழித்துக் களைத்தவனைக் காட்டிக்கொடுக்க அத்தகைய எளிய கருவி யாது?

2010 மே 22ஆம் நாட் காலை, துபாயிலிருந்து வந்த ஏயார் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் ஒன்று, மங்களூரிலே குன்றின்மேல் அமைந்த ஓடுபாதையைக் கடந்து சரிவில் வீழ்ந்தது. அதிலிருந்த 166 பேரில் 158 பேர் மாண்டனர். விமானியறை ஒலிப்பதிவை ஆராய்ந்தபோது, தலைமை விமானி ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேலாக உறங்கியமை தெரியவந்தது. விழித்தபின் அவர் விமானத்தை மிகையான உயரத்திலிருந்து இறக்கலானார். இறங்காது மீண்டும் மேலெழும்புமாறு துணை விமானி மும்முறை கூறியும் அவர் கேட்டாரில்லை. ஆழ்ந்த உறக்கத்திலிருந்து எழுந்தவனின் அறிவைச் சிறிது நேரம் ஒரு மந்தம் மூடியிருக்கும். அம்மந்தமும் துணைக் காரணமாயிருந்திருக்கலாம் என விசாரணை மன்று கருதியது. அவருக்குப் போதிய ஓய்வு நேரம் முன்னரே கிடைத்திருந்தது என்பதையும் அம்மன்று குறிப்பிட்டது. ஆகவே, ஓய்வு நேரம் வேறு, உறக்கம் வேறு என்பதை நாம் உணரவேண்டும்.

இவ்வேறுபாட்டை அமெரிக்கரும் பெருவிலை கொடுத்தே கற்றனர். 2009 பெப்ரவரியிற் பஃபலோ நகரருகே ஒரு பயணிகள் விமானம் வீழ்ந்து 50 பேர் உயிரிழந்தனர். அதன் தலைமை விமானி முன்னிரவை விமான நிலையப் பணியாளர் அறையிலே கழித்திருந்தார். துணை விமானியோ மேற்குக் கரையிலிருந்து இரவு முழுவதும் பயணஞ் செய்து பணிக்கு வந்திருந்தார். இருவரின் செயற்றிறனையும் களைப்புப் பாதித்திருக்கக்கூடும் என விசாரணையாளர் கூறினர்.

அதன்பின், 2014 ஜனவரியிற் புதிய விதி நடைமுறைக்கு வந்தது. பணிக்குமுன் 10 மணித்தியால ஓய்வு வேண்டும்; அதனுள் 8 மணித்தியாலம் இடையூறின்றி உறங்க வாய்ப்பிருத்தல் வேண்டும். இரவிற் பணி தொடங்குவோருக்குப் பணிநேரம் குறைக்கப்பட்டது. தாம் களைத்திருப்பதாக விமானி கூறின், நிறுவனம் அவரைப் பணியில் அமர்த்தலாகாது. ஆயினும், சரக்கு விமானங்களை இவ்விதி கட்டுப்படுத்தவில்லை. சரக்கேற்றிச் செல்பவனுக்கும் இரவு ஒன்றுதானே!

நேயர்களே, விமானியின் பணிநேரம் முடிந்துவிட்டது, ஆதலாற் புறப்பாடு தாமதமாகும் என்று நிலையத்தில் அறிவிக்கக் கேட்டால், நாம் சினங்கொள்வது இயல்பு. அப்பொழுது ஒன்றை நினைவிற்கொள்வோம்: ஓய்வு விமானிக்கு வழங்கப்படும் சலுகையன்று, பின்னால் அமர்ந்திருக்கும் நமக்கு வழங்கப்படும் காப்பு.