நாலுகால் பாய்ச்சலும் நொடியின் கணக்கும்

நாலுகால் பாய்ச்சலில் விரையும் குதிரையின் குளம்புகள் நான்கும் ஒருசேர நிலத்தை விட்டு எழுகின்றனவா? வெறுங்கண்ணுக்குப் பிடிபடாத இவ்வினாவுக்கு 1878ஆம் ஆண்டு சூன் திங்களில் கலிபோர்னியாவின் பாலோ ஆல்ட்டோவில் விடை கிடைத்தது. ஒளிப்படக் கலைஞர் எட்வர்ட் மைபிரிட்ஜ் ஓடுதடத்தின் ஓரத்தில் 27 அங்குலத்துக்கு ஒன்றாக 12 ஒளிப்படக் கருவிகளை நிறுத்தினார். தடத்தின் குறுக்கே நூல்களைக் கட்டினார். சாலி கார்டனர் என்னும் குதிரை நூல்களை அறுத்துக்கொண்டு ஓட, கருவிகள் ஒவ்வொன்றாகத் திறந்து மூடின. குளம்புகள் நான்கும் எழுந்தது மெய்யே. ஆனால், ஓவியர்கள் வரைந்து வந்ததுபோல் கால்களை முன்னும் பின்னும் நீட்டியபோது அன்று, வயிற்றின்கீழ் மடக்கியபோது.

பிரான்சின் உடலியங்கியல் அறிஞர் மாரே வேறு வழியில் சென்றார். மைபிரிட்ஜைப் போலவே இவரும் 1830இல் பிறந்து 1904இல் மறைந்தவர். 1882இல் துப்பாக்கி வடிவக் கருவி ஒன்றால் பறக்கும் பறவையை நொடிக்கு 12 முறை படம்பிடித்தார். பின்னர், கறுப்பு உடை அணிந்த மனிதனின் கைகால்களில் வெண்கோடுகளை இட்டு, கருந்திரையின் முன் நடக்கவிட்டார். துளையிட்ட வட்டு ஒன்று சுழன்று, சமமான கால இடைவெளியில் ஒளியை உள்ளே விட்டது. ஒரே தகட்டில் மனிதன் மறைந்தான். கோடுகள் மட்டும் விசிறிமடிப்புபோல் விரிந்தன. கோடுகள் விலகியிருந்தால் விரைவு, நெருங்கியிருந்தால் தளர்வு. அளவுகோல் ஒன்றிருந்தால் வேகத்தைக் கணக்கிட்டுவிடலாம்.

இவ்விருவரையும் நுணுகி ஆராய்ந்தவர், ரொறன்ரோவில் அன்று ரையர்சன் என்ற பெயரில் இயங்கிய பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் மார்த்தா பிரவுன். மாரேயைப் பற்றிய அவரது பெருநூல் 1992இல் வெளிவந்தது. பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தின் ஆதரவில் உருவாகி 1887இல் வெளியான மைபிரிட்ஜின் 781 படத்தகடுகளையும் அவர் வரிசை வரிசையாக ஒப்புநோக்கினார். சில தகடுகளில் இடையில் படங்கள் விடுபட்டிருந்தன. எஞ்சியவை தொடர்ச்சிபோலக் கோக்கப்பட்டு வரிசையெண் பெற்றிருந்தன. கண்ணுக்கு அது ஓட்டம். கணக்குக்கு அது அறுந்த மாலை.

இதனால் மைபிரிட்ஜின் புகழ் குன்றாது. குதிரையின் கால்களை உலகுக்குக் காட்டியவர் அவரே. அவர் படங்கள் ஓவியர்க்கும் சிற்பியர்க்கும் கருவூலமாயின. எனினும், இயக்கத்தை அளக்க விழைவோர்க்கு வழிகாட்டி மாரேயே. இரு படங்களுக்கு இடையே கழிந்த காலம் தெரியாதவரை, படவரிசை காட்சியாகலாம், சான்றாகாது.