அஞ்சடி நகரம் – 14: பெருநாள் விடுப்பில் விழுந்த வீடுகள்

இந்த வாரம் பினாங்கு ஜார்ஜ்டவுனின் குயின் ஸ்திரீட் மகாமாரியம்மன் கோயிலுக்குப் போவதாகச் சொல்லியிருந்தேன். கும்பாபிஷேகத்துக்குக் கோபுரத்தில் சாயம் பூச யாரைக் கேட்க வேண்டும், ஸ்தபதியையா மாநகர் மன்றத்தையா என்று போன வாரம் நான் கிளப்பிவிட்ட கேள்வி அப்படியே நிற்கிறது. நிற்கட்டும். கோயிலுக்குப் போகிற வழியில் ஒரு தேதி குறுக்கே வந்து நின்றுகொண்டது. அதைத் தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை.

 

அந்தத் தேதி 1993, டிசம்பர் 25. நார்தம் ரோட்டில், இன்றைய ஜாலான் சுல்தான் அகமட் ஷாவில், மெட்ரோபோல் ஓட்டல் என்று ஒரு மாளிகை இருந்தது. செல்வந்தர் வீடாகத் தொடங்கி ஓட்டலாக மாறிய கட்டடம். கோடீஸ்வரர் வரிசை என்று பெயர் வாங்கிய அந்தச் சாலையில், முன்னால் புல்தரையும் பின்னால் கடலும் வைத்துக் கட்டிய எத்தனையோ மாளிகைகளில் ஒன்று. கிறிஸ்துமஸ் அன்று இயந்திரங்கள் உள்ளே போயின. அனுமதி கிடையாது. பினாங்கே தேவாலயத்திலும் உறவினர் வீட்டிலும் இருந்த நேரத்தில் மாளிகை தரைமட்டமானது.

இதைப் படித்துவிட்டு அடுத்த பக்கம் புரட்டியிருப்பேன். அதே சாலையில் இன்னொரு தேதி கண்ணில் பட்டது. 2016 பிப்ரவரி. அந்த ஆண்டு சீனப் பெருநாள் பிப்ரவரி 8. அந்த விடுமுறையில்தான் ரன்னிமீட் வளாகத்தின் துணைக் கட்டடங்கள் இடிக்கப்பட்டன. ரன்னிமீட் யாருடையது என்று கேட்டால் சிங்கப்பூர்க்காரர்கள் நம்மைவிட வேகமாகப் பதில் சொல்வார்கள். 1805இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் துணைச் செயலாளராகப் பினாங்குக்கு வந்து இறங்கிய ஸ்டாம்ஃபர்ட் ராஃபிள்ஸ் இங்கே கட்டிக்கொண்ட வீட்டின் பெயர் அது. அந்த வீடு 1901இல் தீக்கிரையானது. அதே இடத்தில் பின்னாளில் ஓட்டல் வந்தது, பிறகு ராணுவத்தின் கைக்குப் போனது. 2016இல் ஓட்டலின் முதன்மைக் கட்டடத்தை விட்டுவைத்தார்கள். சுற்றி நின்றவை போயின.

இரண்டுக்கும் நடுவே 22 ஆண்டுகள். ஒன்று அனுமதி இல்லாமல் நடந்தது. மற்றொன்றுக்கு 1999லேயே அனுமதி கொடுக்கப்பட்டுவிட்டது என்று மாநகர் மன்றம் சொன்னது. சட்டத்தின் கண்ணில் இரண்டும் வெவ்வேறு. ஆனாலும் இரண்டுக்கும் நாள் பார்த்தவர்கள் ஒரே பஞ்சாங்கத்தைப் பார்த்தது போலிருக்கிறது.

விடுமுறையில் இடிப்பதில் என்ன லாபம்? ஒரு வாரமாக இதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். மாநகர் மன்ற அமலாக்க அதிகாரி ஊருக்குப் போயிருப்பார். புகார் தொலைபேசியை எடுக்க ஆள் இருக்காது. நீதிமன்றம் மூடியிருக்கும், தடையுத்தரவு வாங்க வழக்கறிஞர் கிடைத்தாலும் நீதிபதியைத் தேட வேண்டும். பெருநாளுக்கு அச்சகங்கள் ஓய்வில் இருப்பதால் மறுநாள் பத்திரிகையே வராமல் போகலாம். அக்கம்பக்கத்தார் தைப்பிங்கிலோ ஈப்போவிலோ அப்பா அம்மா வீட்டில் இருப்பார்கள். எல்லாரும் திரும்பி வருவதற்குள் லாரிகள் கல்லையும் மரத்தையும் ஏற்றிக்கொண்டு போயிருக்கும். இடிந்ததை எந்தத் தீர்ப்பாலும் திரும்ப நிமிர்த்த முடியாது என்பது இடிக்கிறவர்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும்.

சென்னையில் இதற்கு நேர்மாறாக ஒன்று நடந்தது. மவுண்ட் ரோட்டில் 1897இல் கட்டிய பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தை, கார்டைல் கட்டடம் என்றால் பழைய மதராஸ்காரர்களுக்குப் புரியும், அதன் உரிமையாளரான எல்.ஐ.சி. 2006இல் இடிக்கத் தொடங்கியது. பாரம்பரியப் பாதுகாப்புக்கான இன்டாக் அமைப்பு உயர் நீதிமன்றத்துக்கு ஓடியது. நீதிமன்றம் திறந்திருந்தது! பாதி இடித்த நிலையில் வேலை நின்றது. 2010இல் வந்த தீர்ப்பு கட்டடத்தைக் காப்பாற்றியதோடு நிற்காமல், சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தின் கீழ் பாரம்பரியக் கட்டடப் பாதுகாப்புக் குழு ஒன்றையும் அமைக்க வைத்தது. பாதி இடிந்த ஒரு கட்டடம் ஒரு நகரத்துக்கே மறுஆய்வுக் குழுவைப் பெற்றுத் தந்திருக்கிறது. முழுதாக இடிந்த மெட்ரோபோல் நமக்கு என்ன தந்தது?

சட்டங்களைத் தந்தது என்பார்கள், மெதுவாகத்தான் தந்தது. 2005இல் தேசியப் பாரம்பரியச் சட்டம், 2011இல் பினாங்கு மாநிலத்துக்கென்று தனிச் சட்டம். 2008 ஜூலை 7 அன்று மலாக்காவோடு சேர்த்து ஜார்ஜ்டவுனும் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. மையப் பகுதி 109.38 ஹெக்டேர், அதைச் சுற்றிய காப்பு வளையம் 150.04 ஹெக்டேர். அதற்கான சிறப்புப் பகுதித் திட்டம் அரசிதழில் வந்ததோ 2016 செப்டம்பர் 1. பட்டம் கிடைத்து எட்டு ஆண்டுகள் கழித்து. நார்தம் ரோட்டின் ரன்னிமீட் பக்கம் இந்த எல்லைக்குள்ளேயே வராது. கோட்டுக்கு உள்ளே ஒரு ஜன்னல் கதவை மாற்றப் படம் வரைந்து காட்ட வேண்டும், கோட்டுக்கு வெளியே கோடீஸ்வரர் வரிசையே ஒவ்வொன்றாகக் காணாமல் போகலாம். எனக்கு இது விளங்கவில்லை, விளங்கியவர்கள் எழுதலாம்.

கோட்டுக்குள்ளே முறைப்படி என்ன நடக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சூலியா ஸ்திரீட்டில் ஒரு கடைவீட்டை வாங்கியவர் கீழே காப்பிக்கடை, மேலே நான்கு அறைகள் என்று நினைக்கிறார். பயன்பாட்டு மாற்றத்துக்கு மனு போட வேண்டும். கட்டடக் கலைஞர் இன்றைய நிலையை அளந்து வரைந்த படம், மாற்றப்போவதைக் காட்டும் படம், விரிசல்களைப் படம் பிடித்த சேத அறிக்கை எல்லாம் சேர்ந்து கோப்பு தடிக்கும். அது மாநகர் மன்றத்தின் பாரம்பரியப் பிரிவுக்கும், 2010இல் அமைந்த ஜார்ஜ்டவுன் உலகப் பாரம்பரிய நிறுவனத்துக்கும், கட்டடக் கலைஞர்களும் பாரம்பரிய வல்லுநர்களும் அடங்கிய தொழில்நுட்ப மறுஆய்வுக் குழுவுக்கும் போய்வரும். முகப்பைத் தொடாதே, கடைமுன் நடைபாதையான அஞ்சடியை அடைக்காதே, நடுமுற்றத்தின் மேல் கூரை போடாதே, குளிர்சாதனப் பெட்டியை முன்பக்கம் தொங்கவிடாதே, ஓடு சுட்ட மண் ஓடாகவே இருக்கட்டும், பூச்சு சுண்ணாம்பாகவே இருக்கட்டும்.

சுண்ணாம்பு என்றதும் உரிமையாளர்களுக்குக் கோபம் வருகிறது. சிமெண்டு மலிவு, வேலைக்கு ஆள் கிடைக்கும், சீக்கிரம் காயும். சுண்ணாம்பைப் பக்குவமாய்ப் பூசத் தெரிந்த கொத்தனார் அரிது. அவர்கள் கணக்கு நியாயம்தான். ஆனால் சூலியா ஸ்திரீட்டில் நடந்தால் எந்தச் சுவருக்குச் சிமெண்டு பூசியிருக்கிறார்கள் என்று சட்டையில் ஒட்டிய விலைச்சீட்டு போலத் தெரியும். தரையிலிருந்து இடுப்பளவுக்குப் பெயிண்ட் கொப்பளித்திருக்கும், விரலால் தட்டினால் உள்ளே வெற்றிடம் கேட்கும், கீழ் ஓரத்தில் வெள்ளையாய் உப்புப் பூத்திருக்கும். இந்த வீடுகளின் அடிச்சுவரில் ஈரத்தடுப்பு கிடையாது. மண்ணின் ஈரம் செங்கல்லில் ஏறும், சுண்ணாம்புப் பூச்சு வழியாக வெயிலில் வெளியேறும். சிமெண்டு பூசினால் அந்த வழி அடைபடுகிறது. ஈரம் இன்னும் மேலே ஏறி, மாடியைத் தாங்கும் உத்தரங்களின் நுனி சுவருக்குள் செருகியிருக்கிற இடத்தைப் பிடித்துக்கொள்ளும். மரம் உளுத்துப்போவது வெளியே தெரியாது.

அந்தச் சுவர் ஒருவருக்கு மட்டும் சொந்தமில்லை என்பதுதான் விஷயம். பக்கத்துக் கடைவீட்டின் உத்தரமும் அதே பொதுச்சுவரில்தான் உட்கார்ந்திருக்கிறது. இந்தப் பக்கம் தோண்டினால் அந்தப் பக்கம் விரிசல் விடும். சேத அறிக்கை கேட்பது இதனால்தான்.

அப்படியென்றால் பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்கிறார்களா? 1976ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டம் இதற்கு ஒரு விதி வைத்திருக்கிறது. உள்ளூர்த் திட்டம் இல்லாத பகுதி என்றால் அக்கம்பக்க நில உரிமையாளர்களுக்கு அறிவிப்புப் போக வேண்டும், அவர்கள் 21 நாளுக்குள் ஆட்சேபம் சொல்லலாம். உரிமையாளர்கள் மட்டும். கீழே ஜவுளி வியாபாரம் செய்துகொண்டு மேலே குடியிருக்கும் வாடகைக்காரருக்கு அந்த அறிவிப்பு வராது. உள்ளூர்த் திட்டம் அரசிதழில் வந்துவிட்ட இடத்தில் உரிமையாளருக்கும் வராது. திட்டம் தயாரானபோதே சொல்லியிருக்க வேண்டும் என்பது சட்டத்தின் வாதம்.

வாடகைக்காரர் என்றதும் ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை. ஜார்ஜ்டவுனின் கடைவீடுகளை இத்தனை காலம் காப்பாற்றியது யுனெஸ்கோ அல்ல, வாடகைக் கட்டுப்பாடு. 1948 பிப்ரவரிக்கு முன் கட்டிய கட்டடங்களுக்கு 1966ஆம் ஆண்டுச் சட்டம் வாடகையை இறுக்கிப் பிடித்தது. வருமானம் இல்லாததால் உரிமையாளர் பழுது பார்க்கவில்லை. குடியிருப்பவரை எழுப்ப முடியாததால் இடிக்கவும் இல்லை. கூரை ஒழுகியது, வீடு நின்றது. 1997இல் அந்தச் சட்டத்தை நீக்க முடிவு செய்து, 2000 பிறந்தபோது கட்டுப்பாடு முழுதாக விலகியது. தலைமுறையாக இருந்தவர்கள் சாமான்களைக் கட்டிக்கொண்டு ஜெலுத்தோங், ஆயர் ஈத்தாம் பக்கம் போனார்கள். காலியான மாடிகளில் சிலர் பறவைகளைக் குடிவைத்தார்கள். ஜன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்து, ஒலிபெருக்கியில் பறவைக் குரலைப் போட்டு, கூட்டுக்காக உழவாரக் குருவிகளை வரவழைக்கும் தொழில். நூற்றுக்கு மேற்பட்ட கடைவீடுகள் அப்படி மாறின. 2013 முடிவுக்குள் பாரம்பரிய எல்லையை விட்டு வெளியேற வேண்டும் என்று மாநில அரசு கெடு விதித்த பிறகுதான் அது ஓய்ந்தது. குருவியை வெளியேற்றக் கெடு விதிக்க முடிந்தது. போன மனிதர்களைத் திரும்பக் கூட்டிவர எந்தக் குழுவுக்கும் அதிகாரம் இல்லை. மறுஆய்வு என்பது சுவரைப் பற்றியது, சுவருக்குள் இருந்தவர்களைப் பற்றியது அல்ல. அதன் பெரிய குறை இதுதான் என்பேன்.

குழு என்றால் எப்போதும் நல்லது என்று நான் வாதாடவில்லை. கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலையே எடுத்துக்கொள்ளுங்கள். 1801இல் காதர் முகைதீன் தலைமையில் நம் மரைக்காயர்கள் தொடங்கியது. நாம் இன்று படம் பிடிக்கும் முகலாய பாணித் தோற்றத்தின் பெரும்பகுதி 1916 வாக்கில் நியூப்ரானர் என்ற கட்டடக் கலைஞர் செய்த மாற்றம். 1930களில் இன்னும் உயர்த்தினார்கள். இன்றைய மறுஆய்வுக் குழு அன்று இருந்திருந்தால் அந்த மனுவைத் திருப்பி அனுப்பியிருக்கும் என்று பந்தயம் கட்டுவேன். அதே மாற்றத்தைத்தான் இன்று அதே குழு பாதுகாக்கிறது.

பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை தன்னைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும் என்று ஆகமம் சொல்லும் கோயிலை, மாறவே கூடாது என்று சொல்லும் திட்டத்துக்குள் எப்படி வைப்பது? 1833இல் எழும்பிய மகாமாரியம்மன் கோயிலுக்கு அடுத்த வாரம் கட்டாயம் போகிறோம். ஆசிரியர் இந்த வரியைத் தடித்த எழுத்தில் போடப்போவதாக மிரட்டியிருக்கிறார்.

அதற்குள் லிட்டில் இந்தியாவில் கடை வைத்திருப்பவர்களுக்கும் மேலே குடியிருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அனுமதி இல்லாத மேம்பாட்டுக்கு ஐந்து லட்சம் ரிங்கிட் வரை அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறை என்று சட்டம் இருக்கிறது. யாராவது பார்த்துச் சொன்னால்தான் அது வேலை செய்யும். தீபாவளிக்கு ஊருக்குக் கிளம்பும் முன் பக்கத்துக் கடைவீட்டைச் சுற்றித் தகரவேலி ஏறியிருந்தால், அனுமதி எண் எழுதிய பலகை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் விடுமுறை முடியட்டும் என்று காத்திருக்காமல் அன்றே படம் எடுத்து, மாநகர் மன்றத்துக்கும் பினாங்குப் பாரம்பரிய அறக்கட்டளைக்கும் அனுப்பிவிட்டுக் கிளம்புங்கள்.