வஸிய்யத்தை எப்போது மாற்றி எழுதுவது?

சீகிரியாவுக்குச் சுற்றுலா போய்ச் சிங்கப் பாதங்களையும் ஓவியங்களையும் பார்த்து வந்திருப்பீர்கள். அந்தக் குன்றில் கோட்டை எழுந்ததே ஒரு குடும்பத்தின் சொத்துச் சச்சரவால்தான். தகப்பன் தாதுசேனன் பொக்கிஷத்தைத் தம்பி முகலனுக்காக மறைத்து வைத்திருக்கிறார் என்று சேனாதிபதி ஓதியதைக் காசியப்பன் நம்பினான் என்கிறது சூளவம்சம். கலாவெவ நீரை அள்ளி, தன் செல்வம் இவ்வளவுதான் என்று தகப்பன் காட்டியும் பயனில்லை. அவரைக் கொன்றுவிட்டு, தம்பிக்குப் பயந்து இந்தக் குன்றில் ஏறிக்கொண்டான். இது 5ஆம் நூற்றாண்டுக் கதை.

நம் வீடுகளில் இருப்பது இருபது பேர்ச் காணியும் நாலு காப்பும்தான். ஆனாலும் சந்தேகத்துக்குக் குறைவில்லை.

"பங்குகளை அல்லாஹ்வே வகுத்துவிட்டான், வஸிய்யத் எதற்கு?" என்று கேட்பீர்கள். கடனும் வஸிய்யத்தும் போகத்தான் வாரிசுப் பங்கு. வஸிய்யத் மூன்றில் ஒரு பங்குக்குள், வாரிசு அல்லாதவர்களுக்கு. அதை ஒருமுறை எழுதிப் பூட்டி வைத்தால் போதும் என்று நினைப்பதுதான் தவறு.

ஸஅத் இப்னு அபீ வக்காஸ் (ரலி) அவர்கள் மக்காவில் கடும் நோயுற்றபோது அவர்களுக்கு இருந்தது ஒரே மகள். மூன்றில் இரண்டு பங்கைத் தர்மம் செய்யக் கேட்டார்கள். நபி (ஸல்) அவர்கள் மூன்றில் ஒன்றுக்கு மேல் அனுமதிக்கவில்லை. அதுவே அதிகம் என்றார்கள். ஸஅத் (ரலி) பிழைத்தார்கள், காதிஸிய்யாவில் படை நடத்தினார்கள், மேலும் பல பிள்ளைகளைப் பெற்றார்கள். அன்று நினைத்தபடி எழுதி, அதுவே நின்றிருந்தால் அந்தப் பிள்ளைகளின் நிலை என்ன?

பிள்ளை பிறப்பு, தலாக், காணி விற்பது, கடன் கூடுவது குறைவது, எல்லாமே வஸிய்யத்தை எடுத்துப் பார்க்க வேண்டிய நேரங்கள். ஆனால் ஒன்றை மட்டும் ஒரு நாளும் தள்ளிப் போடாதீர்கள். பெற்றோர் உயிரோடிருக்க ஒரு மகன் மௌத்தாகி, வேறொரு மகன் இருந்தால், மௌத்தானவரின் பிள்ளைகளுக்கு வாரிசுரிமை இல்லை. மருமகள் யத்தீம் பிள்ளைகளோடு வெறுங்கையாய் நிற்பாள். எகிப்தில் 1946இல் இதற்காகவே கட்டாய வஸிய்யத்தைச் சட்டமாக்கினார்கள். நம் நாட்டில் அப்படி இல்லை. வஸிய்யத் இல்லாமல் இறந்தால், 1931ஆம் ஆண்டுச் சட்டப்படி அவரவர் மத்ஹபின் பங்கீடுதான். ஆகவே இத்தா முடியும் முன்பே பாட்டனாரும் பாட்டியும் அந்தப் பிள்ளைகளுக்கு எழுதட்டும். வெட்கம் பார்க்கிற விஷயமா இது? எடுத்து வளர்த்த பிள்ளைக்கும் இதே வழிதான்.

பெண்களாகிய உங்கள் நகையும் காணியும் உங்களுடையவை. வஸிய்யத்தும் உங்கள் பெயரில் தனியாக வேண்டும். கணவர் இன்னும் தராத மகர் அவர்மீது கடன். அதை அவருடைய ஏட்டில் எழுதச் சொல்லுங்கள்.

பழைய தாளின் ஓரத்தில் பேனையால் திருத்துவது செல்லாது. 1840ஆம் ஆண்டுச் சட்டப்படி, பிரசித்த நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகள், அவர் இல்லாவிட்டால் ஐந்து சாட்சிகள் வேண்டும். திருத்தத்துக்கும் அதே விதிதான். புதியதில் கையொப்பம் வைத்தபின் பழையதைக் கிழித்துவிட்டு, புதியது எந்த அலுமாரியில் இருக்கிறது என்பதைப் பிள்ளைகள் எல்லோரையும் கூட்டி வைத்துச் சொல்லுங்கள்.