விழுங்கினால் போதுமா? உடம்பில் சேர வேண்டாமா?



சத்து மாத்திரை வாங்குகிறோம். டானிக் வாங்குகிறோம். காசு கொடுத்து வாங்கியதை நாள் தவறாமல் சாப்பிடவும் செய்கிறோம். ஆனால் விழுங்கியது அத்தனையும் உடம்பில் சேர்கிறதா என்று நம்மில் எத்தனை பேர் யோசிக்கிறோம்? மழை கொட்டுகிற நேரம் பார்த்து எந்த உழவரும் வயலுக்கு உரம் போடமாட்டார். போட்ட உரம் பயிருக்குச் சேரவேண்டும் என்ற கணக்கு அவருக்குத் தெரியும். அதே கணக்கு சத்து மாத்திரைக்கும் உண்டு. எந்த மாத்திரையைத் தேர்ந்தெடுப்பது, எந்த வேளையில் எதனுடன் சாப்பிடுவது என்பதை இந்தப் பிரசுரத்தில் சொல்கிறோம்.

ஒரு வீட்டில் கண்டது

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கிராமத்துக்குப் போயிருந்தேன். அங்கே ஒரு தாய் ஏழு மாதக் கர்ப்பிணி. கிராம சுகாதார செவிலியர் இரத்தம் பரிசோதித்ததில் ஹீமோகுளோபின் 8 கிராம்தான் இருந்தது. கணவர் திகைத்துப் போனார்.

"என்னங்க சார் இது? நர்சம்மா கொடுத்த சிவப்பு மாத்திரையைச் சாப்பிடுறா. நானும் டவுனுக்குப் போய் விலை அதிகமான டானிக்கா பாத்து வாங்கிட்டு வந்தேன். அதையும் குடிக்கிறா. அப்புறம் ஏன் ரத்தம் ஊறல?"

அந்தத் தாயிடம் கேட்டேன். "மாத்திரையை எப்பம்மா சாப்பிடுறீங்க?"

"காலையில டீ குடிக்கறப்ப சார். சுண்ணாம்புச் சத்து மாத்திரையையும் அப்பவே சேத்துப் போட்டுக்குவேன். தனித்தனியா வச்சா மறந்துடும்ல?"

அவர் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. கொடுத்ததை மறக்காமல் சாப்பிட்டிருக்கிறார். ஆனால் இரும்புச் சத்தை உடம்பில் சேரவிடாமல் தடுக்கும் இரண்டு பொருள்களைத் தினமும் அதனுடனேயே சேர்த்து உள்ளே அனுப்பியிருக்கிறார். ஒன்று தேயிலை, மற்றொன்று சுண்ணாம்புச் சத்து. டானிக் புட்டியின் சீட்டைப் பார்த்தேன். அதில் இரும்பு மிகக் குறைவு. இனிப்பும் வாசனையும்தான் அதிகம்.

டாக்டர் மாத்திரையின் அளவைக் கூட்டினார். நாங்கள் சாப்பிடும் வேளையை மாற்றிக் கொடுத்தோம். ஒரு மாதத்தில் 8 கிராம் என்பது 9-ஐத் தாண்டியது. பிரசவத்துக்குப் போகும்போது 10-க்கு மேல் இருந்தது. தாயும் பிள்ளையும் நலமாக வீடு திரும்பினார்கள்.

இதை ஏன் இவ்வளவு பெரிதாகச் சொல்கிறோம்?

பிரசவத்தின்போது எந்தத் தாய்க்கும் கொஞ்சம் இரத்தம் போகத்தான் செய்யும். சிலருக்கு எதிர்பாராமல் அதிகமாகப் போய்விடும். உடம்பில் போதிய இரத்தம் உள்ள தாய் அதைத் தாங்கிக்கொள்வார். இரத்த சோகை உள்ள தாய்க்கு அதே அளவு இழப்பு உயிருக்கே ஆபத்தாகலாம். குழந்தை குறைமாதத்தில் பிறப்பதற்கும், எடை குறைந்து பிறப்பதற்கும் இரத்த சோகை ஒரு காரணம்.

கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் குறையக் கூடாது. மற்றப் பெண்களுக்கு 12, ஆண்களுக்கு 13 இருக்கவேண்டும். கர்ப்பிணிக்கு 7-க்குக் கீழே போனால் அது கடுமையான சோகை. வீட்டில் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போகவேண்டும். 2019-21இல் எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வில், நம் நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்த சோகை இருந்தது. இரும்பு மாத்திரை கொடுக்கும் திட்டம் நம் நாட்டில் 1970ஆம் ஆண்டிலேயே தொடங்கியது. மாத்திரை கைக்கு வந்தால் மட்டும் போதாது, அது இரத்தத்தில் சேரவேண்டும் என்பது இதிலிருந்து தெரிகிறது அல்லவா?

இரும்புச் சத்து எங்கே சேர்கிறது?

நாம் விழுங்கும் மாத்திரை இரைப்பையில் கரைகிறது. அங்குள்ள புளிப்பு நீர் இரும்பைக் கரைத்துக் கொடுக்கிறது. பிறகு சிறுகுடலின் தொடக்கப் பகுதியில்தான் இரும்பு இரத்தத்துக்குள் இழுக்கப்படுகிறது. அந்த வாசல் சிறியது. விழுங்கிய இரும்பில் ஒரு சிறு பங்குதான் அதன் வழியாக உள்ளே போகும். மீதி மலத்தோடு வெளியேறிவிடும். மலம் கறுப்பாகப் போவது அதனால்தான். அதைக் கண்டு பயந்து மாத்திரையை நிறுத்தக் கூடாது.

அந்த வாசலை அடைக்கும் பொருள்கள் சில உண்டு. தேநீர், காப்பியில் உள்ள துவர்ப்புப் பொருள் இரும்பைப் பிடித்துக்கொண்டு விடாது. சாப்பாட்டோடு தேநீர் குடித்தால், அந்தச் சாப்பாட்டிலிருந்து சேரவேண்டிய இரும்பு பாதிக்குமேல்கூடக் குறைந்துவிடலாம். பாலும் சுண்ணாம்புச் சத்து மாத்திரையும் இரும்போடு போட்டியிடும். நெஞ்செரிச்சலுக்கான மாத்திரை இரைப்பையின் புளிப்பைக் குறைப்பதால் அதுவும் தடைதான்.

வாசலைத் திறந்துவிடும் பொருளும் உண்டு. அதுதான் வைட்டமின் சி. நெல்லிக்காய், கொய்யா, எலுமிச்சை, ஆரஞ்சு, தக்காளி ஆகியவற்றில் அது உண்டு. மாத்திரையை வெறும் தண்ணீரில் விழுங்குவதைவிட ஒரு டம்ளர் எலுமிச்சைச் சாற்றில் விழுங்கலாம். அல்லது விழுங்கிய கையோடு ஒரு கொய்யாப் பழம் கடிக்கலாம். இதற்குப் பெரிய செலவு ஒன்றும் இல்லை.

எந்த வேளையில் எந்த மாத்திரை?

கருவுற்ற தாய்மார்களுக்கு நான்காம் மாதத்திலிருந்து தினமும் ஒரு சிவப்பு மாத்திரை கொடுக்கப்படுகிறது. அதில் 60 மில்லிகிராம் இரும்பும், 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன. குறைந்தது 180 நாள் சாப்பிடவேண்டும். பிரசவத்துக்குப் பின்னும் 180 நாள் தொடரவேண்டும். சோகை உள்ளவர்களுக்கு டாக்டர் அளவைக் கூட்டுவார். சுண்ணாம்புச் சத்து மாத்திரை நாளுக்கு இரண்டு, ஒவ்வொன்றும் 500 மில்லிகிராம். இரண்டையும் ஒரே வேளையில் போட்டுக்கொள்ளக் கூடாது. ஒரே நேரத்தில் அதிகமாகக் கொடுத்தால் உடம்பு அவ்வளவையும் வாங்கிக்கொள்ளாது.

ஆகவே இப்படி வைத்துக்கொள்ளுங்கள்:

காலைச் சாப்பாட்டுடன் ஒரு சுண்ணாம்புச் சத்து மாத்திரை.

மதியச் சாப்பாட்டுடன் இன்னொரு சுண்ணாம்புச் சத்து மாத்திரை.

இரவுச் சாப்பாடு முடிந்து ஒரு மணி, இரண்டு மணி நேரம் கழித்து, படுக்கப் போகுமுன் சிவப்பு மாத்திரை.

இரும்புக்கும் சுண்ணாம்புச் சத்துக்கும் நடுவே குறைந்தது இரண்டு மணி நேரம் இருக்கட்டும். இரும்பு மாத்திரைக்கு ஒரு மணி முன்னும் பின்னும் தேநீர், காப்பி, பால் வேண்டாம். வெறும் வயிற்றில் இரும்பு நன்றாகச் சேரும் என்பது உண்மை. ஆனால் குமட்டல் எடுத்தால் சாப்பாட்டுக்குப் பிறகே சாப்பிடுங்கள். சேர்வது சற்றுக் குறைந்தாலும், வாந்தி எடுத்து அடியோடு நிறுத்திவிடுவதைவிட அது மேல். தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இரும்பு மாத்திரைக்கும் அதற்கும் நான்கு மணி நேர இடைவெளி விடவேண்டும்.

கடையில் வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

அரசு மாத்திரை இலவசமாகக் கிடைப்பதால் அது மட்டம் என்று சிலர் நினைக்கிறார்கள். அதிலிருப்பதும் இரும்புதான், விலை உயர்ந்த புட்டியில் இருப்பதும் இரும்புதான். வெளியில் வாங்கியே ஆகவேண்டும் என்றால் மருந்துக் கடைக்காரரிடம் இவற்றைக் கேளுங்கள்.

ஒன்று. எந்த வகை இரும்பு? ஃபெரஸ் சல்பேட், ஃபெரஸ் ஃபியூமரேட் ஆகியவை நன்றாகச் சேரக்கூடியவை. விலையும் குறைவு.

இரண்டு. தனி இரும்பு எவ்வளவு? சீட்டில் எழுதியிருக்கும் பெரிய எண்ணைப் பார்த்து ஏமாறவேண்டாம். 300 மில்லிகிராம் ஃபெரஸ் சல்பேட் என்றால் அதில் தனி இரும்பு சுமார் 60 மில்லிகிராம்தான். ஃபெரஸ் ஃபியூமரேட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இரும்பு. நெல்லைக் குத்தினால் எவ்வளவு அரிசி தேறும் என்று பார்க்கிறோமே, அதுபோலத்தான்.

மூன்று. எல்லாம் ஒன்றில் அடங்கியதா? இருபது சத்தும் ஒரே மாத்திரையில் என்பார்கள். அதில் இரும்பும் சுண்ணாம்புச் சத்தும் ஒன்றாக இருந்தால் ஒன்றை ஒன்று தடுக்கும். சோகைக்கு அது போதாது.

நான்கு. மெதுவாகக் கரையும் வகையா? வயிற்றைத் தொந்தரவு செய்யாது என்று சொல்வார்கள். ஆனால் இரும்பை இழுத்துக்கொள்ளும் இடத்தைத் தாண்டிப் போன பிறகு கரைந்தால் என்ன பயன்?

ஐந்து. வைட்டமின் ஏ எவ்வளவு? கர்ப்பிணிகள் நாளுக்கு 10,000 யூனிட்டுக்கு மேல் வைட்டமின் ஏ மாத்திரையாகச் சாப்பிடக் கூடாது. அளவு மீறினால் கருவுக்குக் கேடு. டாக்டரைக் கேட்காமல் இரண்டு மூன்று வகை மாத்திரைகளைச் சேர்த்துச் சாப்பிடுவதில் இந்த ஆபத்து உண்டு.

ஆறு. காலாவதித் தேதி. இதைப் பார்க்காமல் எதையும் வாங்காதீர்கள்.

மற்ற வைட்டமின்கள்

ஏ, டி, ஈ, கே ஆகிய நான்கும் கொழுப்பில் கரைபவை. வெறும் வயிற்றில் விழுங்கினால் சரியாகச் சேராது. எண்ணெயோ நெய்யோ சேர்ந்த சாப்பாட்டுடன் சாப்பிடவேண்டும். கீரையைத் தாளித்துச் சாப்பிடுவதும் இதனால் நல்லதே. பி வகையும் சி-யும் தண்ணீரில் கரைபவை. சி-யைத் தேவைக்குமேல் விழுங்கினால் பெரும்பகுதி சிறுநீரில் போய்விடும். பி12 என்பது பால், தயிர், முட்டை, மீன், இறைச்சி ஆகியவற்றில் கிடைப்பது. இவற்றில் எதையும் தொடாதவர்களுக்கும், சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் மாத்திரை நெடுநாள் சாப்பிடுகிறவர்களுக்கும் பி12 குறையலாம். இவர்கள் டாக்டரைக் கேட்பது நல்லது.

குழந்தை வேண்டும் என்று நினைக்கும் தம்பதிகள் ஒன்றைக் கட்டாயம் தெரிந்துகொள்ளவேண்டும். குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் குழாய், கரு உண்டாகி 28 நாளுக்குள் மூடிவிடுகிறது. பல பெண்களுக்கு அப்போது தாம் கர்ப்பம் என்றே தெரியாது. அந்தக் குழாய் சரியாக மூட ஃபோலிக் அமிலம் தேவை. ஆகவே கருத்தரிக்கத் திட்டமிடும்போதே, முன்கூட்டியே நாளுக்கு 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் தொடங்கிவிடவேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

ஓட்டைக் குடத்தில் தண்ணீர் நிற்குமா?

எவ்வளவு இரும்பு சேர்ந்தாலும் கொக்கிப்புழு குடலில் இருந்து இரத்தத்தைக் குடித்துக்கொண்டே இருந்தால் என்ன செய்வது? செருப்பில்லாமல் மலம் கலந்த மண்ணில் நடக்கும்போது இந்தப் புழு காலின் தோல் வழியாக உள்ளே நுழைகிறது. வயலுக்கும் கொல்லைக்கும் செருப்புப் போட்டுப் போங்கள். கழிப்பறையைப் பயன்படுத்துங்கள். கர்ப்பிணிகளுக்கு முதல் மூன்று மாதம் கழிந்த பிறகே புழு மாத்திரை கொடுக்கப்படும். தானாக வாங்கிச் சாப்பிடக் கூடாது. மாதவிலக்கில் இரத்தம் அதிகமாகப் போனாலும் மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

சில ஐயங்கள்

"இரும்பு மாத்திரை சாப்பிட்டா பிள்ளை பெருத்துப் பிரசவம் கஷ்டமாயிடும்னு மாமியார் சொல்றாங்களே?"

அப்படி ஆகாது. தாய்க்கு இரத்தம் ஊறும். பிள்ளை உரிய எடையுடன் பிறக்கும். அவ்வளவே.

"மலச்சிக்கல் வருதே?"

தண்ணீர் நிறையக் குடியுங்கள். கீரையும் பழமும் சேர்த்துக்கொள்ளுங்கள். தொந்தரவு தொடர்ந்தால் செவிலியரிடம் சொல்லுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம்.

"முருங்கைக் கீரை சாப்பிட்டா போதாதா?"

கீரை நல்லது, கட்டாயம் சாப்பிடுங்கள். ஆனால் கீரையிலும் தானியத்திலும் உள்ள இரும்பு எளிதில் சேராது. இறைச்சி, மீனில் உள்ளது எளிதில் சேரும். கீரையோடு எலுமிச்சையோ தக்காளியோ சேருங்கள். பயறை முளைகட்டிச் சமையுங்கள். புளிக்குழம்பை இரும்புச் சட்டியில் வைத்தால் கொஞ்சம் இரும்பு குழம்பிலும் இறங்கும். ஆனால் சோகை வந்துவிட்ட கர்ப்பிணிக்கு உணவு மட்டும் போதாது. மாத்திரையும் வேண்டும்.

"ரத்தம் ஊறுதான்னு எப்படித் தெரியும்?"

முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. மாதம் ஒரு முறை இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். சரியாகச் சாப்பிட்டும் ஒரு மாதத்தில் 1 கிராம் அளவுகூட ஏறவில்லை என்றால் வேறு காரணம் இருக்கலாம். டாக்டர் பார்த்து, வேண்டுமானால் ஊசி வழியாக இரும்பு கொடுப்பார்.

கணவன்மார்களுக்கு ஒரு வார்த்தை

டானிக் வாங்கிக் கொடுத்ததோடு உங்கள் கடமை முடிந்துவிடவில்லை. இரவில் "மாத்திரை போட்டியா?" என்று கேட்டு, ஒரு டம்ளர் எலுமிச்சைச் சாறு கலந்து கையில் கொடுங்கள். எல்லாரும் சாப்பிட்டு மிச்சம் இருந்தால் தான் சாப்பிடுவது என்ற வழக்கம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. அதை மாற்றி, மனைவியையும் கூட உட்கார வைத்துச் சாப்பிடுங்கள். பரிசோதனை நாளில் கூடவே போங்கள். ஹீமோகுளோபின் எண்ணை நீங்களும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: சிவப்பாக மிட்டாய் போல் இருக்கும் இந்த மாத்திரையைச் சிறு பிள்ளைகள் எடுத்துத் தின்றால் உயிருக்கே ஆபத்து. எட்டாத உயரத்தில் வையுங்கள். தின்றுவிட்டால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள்.

மாத்திரையின் விலையைப் பார்க்காதீர்கள். சாப்பிடும் வேளையைப் பாருங்கள். எத்தனை விழுங்கினோம் என்று எண்ணுவதோடு, எவ்வளவு இரத்தம் ஊறியது என்றும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஐயம் இருந்தால் உங்கள் கிராம சுகாதார செவிலியரை அணுகுங்கள். அவர் உங்கள் வீட்டுக்கு வருவதே அதற்காகத்தான்.